ஐஸ் ரிங்கில் அடிபட்டவரை வெளியே கொண்டுவருவது: ஒரு தேவகோட்டைக் கேள்விக்குப் பதில்

தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "என் அக்கா மகன் துபாயில் ஒரு ஐஸ் ஸ்கேட்டிங் ரிங்கில், சறுக்குபவர்களைக் கவனித்துக்கொள்ளும் மார்ஷல் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். முதல் வாரத்திலேயே ஒரு பெண் விழுந்திருக்கிறார். இவன் ஓடிப்போய்க் கையைப் பிடித்துத் தூக்கிவிட, சூப்பர்வைசர் நன்றாகத் திட்டிவிட்டாராம். விழுந்தவரைத் தூக்காமல் பார்த்துக்கொண்டா நிற்பது? அடிபட்டவரை ஐஸிலிருந்து எப்படித்தான் வெளியே கொண்டுவர வேண்டும்? நம் ஊரில் ஐஸ் என்றால் சர்பத் கடையோடு சரி, யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை."

என்னிடம் கேட்கலாம். சிங்கப்பூரில் ஓர் ஐஸ் அரங்கத்தில் 11 வருடம் இருந்தேன். முதலில் ஸ்கேட் வாடகைக்குக் கொடுக்கும் கவுண்டர், அப்புறம் மார்ஷல், கடைசி 5 வருடம் முதலுதவிப் பொறுப்பு. இப்போது புதுவயலில் வீட்டோடு இருக்கிறேன்.

சூப்பர்வைசர் திட்டியதில் தப்பில்லை. பையனையும் குறை சொல்ல மாட்டேன். விழுந்தவருக்குக் கை கொடுப்பது நம் ஆட்களுக்கு ஊறிப்போன பழக்கம். காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் ஒருவர் தடுக்கி விழுந்தால் நாலு பேர் நாலு பக்கமும் பிடித்துத் தூக்கி நிறுத்தி, சட்டையில் மண்ணைத் தட்டிவிட்டு, சோடா உடைத்துக் கொடுத்த பிறகுதான் "எங்கே அடி?" என்று கேட்போம். ஐஸில் இந்த வரிசை அப்படியே தலைகீழ். முதலில் கேட்க வேண்டும். தூக்குவதா வேண்டாமா என்பது அதற்கு வெகு நேரம் கழித்து.

காரணம் எளிது. ஒருவரைக் கையைப் பிடித்து மேலே இழுக்க வேண்டுமானால் நம் காலைத் தரை பிடித்துக்கொள்ள வேண்டும். ஐஸ் பிடிக்காது. இழுத்த வேகத்தில் நம் கால் அவர் பக்கமாக வழுக்கும், நாம் அவர் மேலேயே விழுவோம். காலில் இருப்பதோ 3, 4 மில்லிமீட்டர் அகலத்தில் இரும்பு பிளேடு, அதன் இரண்டு ஓரமும் சாணை பிடித்தது. இது ஒன்று. விழுந்தவருக்கு எங்கே ஒடிந்திருக்கிறது என்று அவருக்கே இன்னும் தெரியாது என்பது இன்னொன்று. ஐஸில் விழுபவர்கள் பெரும்பாலும் கையை ஊன்றித்தான் விழுவார்கள். ஆகவே ரிங்கில் அதிகம் அடிபடும் இடங்களில் மணிக்கட்டு முன்னால் நிற்கும். நாம் பிடித்து இழுப்பதும் அதே மணிக்கட்டைத்தான்.

குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். 5 வயதுக்குள் உள்ள பிள்ளையைக் கையைப் பிடித்துச் சட்டென்று மேலே இழுத்தால், விழுந்ததில் ஒன்றும் ஆகாத பிள்ளைக்குக்கூட முழங்கை மூட்டில் எலும்பு தன் வளையத்திலிருந்து நழுவிவிடலாம். பிள்ளை அந்தக் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு அழும். அக்குளுக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்துத்தான் தூக்க வேண்டும்.

நான் மார்ஷலான புதிதில் ஒரு சனிக்கிழமை மதியம். 12 வயதுப் பெண் ஒருத்தி நடுத்தளத்தில் விழுந்து அழுதாள். நான் போய்ச் சேர்வதற்குள் அவளுடைய அப்பா தடுப்புக் கதவைத் திறந்துகொண்டு ஆபீஸ் ஷூவோடு ஐஸில் ஓடி வந்தார். நாலாவது எட்டில் இரண்டு காலும் முன்னால் பறந்தன, பின்மண்டை ஐஸில் மோதியது. அந்தச் சத்தம் மரப்பலகையைத் தரையில் போட்டது மாதிரி இருந்தது. பெண்ணுக்கு முட்டியில் சிராய்ப்பு மட்டும். அப்பாவைத்தான் ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனோம். அன்றைக்கு என் தலைமை மார்ஷல், மலாய்க்காரர், என்னைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்: "ஒருவர் விழுந்தால் நீ முதலில் பார்க்க வேண்டியது அவரை இல்லை, கதவை." அடுத்து உள்ளே ஓடி வரப்போகிறவர் யார் என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

சரி, முறைக்கு வருவோம்.

ஒருவர் விழுந்து 4, 5 நொடியில் தானாக எழ முயலவில்லை என்றால் மார்ஷல் விசில் ஊத வேண்டும். இசையை நிறுத்தி, ஓரத்துக்குப் போகச் சொல்லி மைக்கில் அறிவிப்புக் கொடுக்கச் சொல்ல வேண்டும். இரண்டு மார்ஷல்கள் போவது அவசியம். ஒருவர் அடிபட்டவரிடம், இன்னொருவர் காவலுக்கு. காவல் எந்தப் பக்கம் நிற்பது என்பதில் புதியவர்கள் தவறுவார்கள். கோயில் பிரகாரத்தில் நாம் வலமாகச் சுற்றுவோம். ரிங்கில் பெரும்பாலும் கடிகார முள்ளுக்கு எதிராக, இடமாகச் சுற்றுவார்கள். கூட்டம் எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அந்தப் பக்கம், அடிபட்டவருக்குச் சில மீட்டர் முன்னாலேயே கையை விரித்து நிற்க வேண்டும். ஆரஞ்சு கூம்பு இருந்தால் வைக்கலாம். ஆனால் தலை குனிந்தபடி வருகிற கற்றுக்குட்டி கூம்பைப் பார்க்க மாட்டான், ஆளைத்தான் பார்ப்பான்.

பக்கத்தில் போகிற மார்ஷல், அடிபட்டவர் தன்னைப் பார்க்கும்படி கால்மாட்டுப் பக்கமாகப் போக வேண்டும். பின்னாலிருந்து "ஹலோ" என்றால் அவர் கழுத்தைத் திருப்புவார். கழுத்தில் அடி இருக்கிறதா என்று தெரியும்வரை அந்தத் திருப்பல் நடக்கக் கூடாது. ஓர் ஆள் தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து நின்று, கடைசித் தூரத்தை மெதுவாகக் கடக்க வேண்டும். சர்ரென்று வந்து பனித்தூள் தெறிக்க நிற்பது பார்க்க அழகாக இருக்கும், தெறிப்பது அவர் முகத்தில். ஐஸில் விரித்து வைத்திருக்கும் அவர் விரல்கள் மேல் ஒரு கண் இருக்கட்டும்.

முழந்தாளிட்டு, முதலில் சொல்ல வேண்டிய வாக்கியம்: "அசையாதீர்கள், தலையை ஆட்டாமல் வாயால் பதில் சொல்லுங்கள்." நம் ஆட்கள் எதற்கும் தலையை ஆட்டித்தான் பதில் சொல்வோம், அதனால் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பேச்சு வருகிறதா, மூச்சு சீராக இருக்கிறதா, எங்காவது ரத்தம் பெருகுகிறதா என்று பார்த்த பிறகு தலை, கழுத்து, கை, கால் என்று ஒவ்வொன்றாகக் கேட்கலாம். என்ன நடந்தது, இது எந்த இடம், யாரோடு வந்தீர்கள் என்ற கேள்விகளுக்குப் பதில் தடுமாறினாலோ, கேட்டதையே திரும்பக் கேட்டாலோ மூளைக்கு அதிர்ச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். நினைவு தப்பாமலும் அது வரும். அப்படிப்பட்டவர் "இப்போ பரவாயில்லை" என்று எவ்வளவு சொன்னாலும் அன்றைக்கு மறுபடி ஐஸில் இறங்கக் கூடாது. வாந்தி, தூக்கக் கலக்கம், கூடிக்கொண்டே போகும் தலைவலி, காதிலோ மூக்கிலோ தெளிவான நீர் என்று ஏதாவது இருந்தால் உடனே ஆம்புலன்ஸ்.

இதற்குப் பிறகு அடிபட்டவர் மூன்று வகையில் ஒன்றாக இருப்பார். தானே எழக்கூடியவர், உட்காரலாம் ஆனால் நடக்க முடியாதவர், படுத்தபடியே போக வேண்டியவர்.

தானே எழக்கூடியவரைத் தானே எழ விடுங்கள். இது கருமித்தனம் இல்லை, சோதனை. எங்கே வலிக்கிறது என்பது எழும்போது அவருக்கே தெரியும், தெரிந்த இடத்தில் நிறுத்திக்கொள்வார். ஒருக்களித்து, முட்டி போட்டு, ஒரு காலை முன்னால் ஊன்றி, இரண்டு கையையும் அந்த முட்டியில் வைத்து எழச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் நின்று இடுப்பு ஓரத்தில் கை வைத்தால் போதும். ஐஸில் கையை ஊன்ற நேர்ந்தால் விரல்களை மடக்கி முஷ்டியாக ஊன்றச் சொல்லுங்கள். விரித்த விரல்மேல் பிளேடு ஏறினால் என்ன ஆகும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை.

மணிக்கட்டு வீங்கியிருந்தால், எழுவதற்கு முன்னாலேயே வளையலையும் மோதிரத்தையும் கழற்றிவிடுங்கள். வீக்கம் ஏறிய பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும், தாலிக்கொடிக்கு அழுததைவிட அதிகமாக அந்த வளையலுக்கு அழுத ஒரு அம்மாவை எனக்குத் தெரியும். ஒரு துண்டைத் தூளி மாதிரி கழுத்தில் கட்டி, கையை நெஞ்சோடு ஒட்டித் தாங்க வையுங்கள். விரல் நுனி வெளுக்கிறதா, மரத்துப்போகிறதா என்று அவ்வப்போது பாருங்கள்.

இரண்டாவது வகை பெரும்பாலும் கணுக்கால். இங்கே எல்லாரும் முதலில் செய்வது ஸ்கேட்டைக் கழற்றுவது. அவசரப்பட்டுக் கழற்றாதீர்கள். கணுக்கால் ஒடிந்திருக்கலாம் என்று தோன்றினால், உள்ளே ரத்தம் கொட்டவில்லை, விரல்களில் உணர்ச்சி இருக்கிறது என்றால், அந்த இறுக்கமான பூட்ஸே ஒரு கட்டுப் போட்டதற்குச் சமம். மேல் கயிற்றைச் சற்றுத் தளர்த்திவிட்டு அப்படியே விடுங்கள், மருத்துவமனையில் கழற்றுவார்கள். ஆனால் பிளேடுக்கு உறை போடாமல் ஓர் அங்குலம்கூட நகர்த்தக் கூடாது. இரண்டு காலுக்கும். தூக்கப்படும் ஆளின் உறையில்லாத பிளேடு, தூக்குகிறவன் தொடைக்கு நேரே இருக்கும்.

இவரை எதில் கொண்டுவருவது? சில ரிங்குகளில் சறுக்கு நாற்காலி உண்டு. இல்லாவிட்டால் கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் பிடித்துத் தள்ளும் பெங்குவின் பொம்மை, கடல்நாய் பொம்மை. உட்காரும் இருக்கையோடு வருவது என்றால் அது நல்ல வண்டி. அதுவும் இல்லையென்றால் தடித்த ரப்பர் பாயில் உட்கார வைத்து இழுக்கலாம். இரண்டு பேர் தோளில் கை போட்டு நொண்டி வருவதுதான் பார்க்க இயல்பாகத் தெரியும். ஐஸில் அது மூன்று பேரும் விழும் ஏற்பாடு.

இந்த இடத்தில் ஐஸைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நல்ல தளத்தின் மேற்பரப்பு மைனஸ் 3 முதல் மைனஸ் 6 டிகிரி செல்சியஸில் இருக்கும். அந்தக் குளிரிலும் மேலே ஓர் அடுக்கு, உறைந்தும் உறையாமலும், தண்ணீர் மாதிரி அசைந்துகொண்டே இருக்கும். 19ஆம் நூற்றாண்டில் மைக்கேல் ஃபாரடே யோசித்துச் சொன்ன விஷயம் இது. ஆளைக் கீழே தள்ளுவது இந்த வழுக்கல்தான். 80 கிலோ ஆளை இரண்டு விரலால் நகர்த்தவிடுவதும் இதே வழுக்கல். பழகாத மார்ஷல் ஐஸோடு சண்டை போட்டுத் தூக்கப் பார்ப்பான். பழகியவன் ஐஸிடமே வேலையை விட்டுவிடுவான். தூக்குவது எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. ஐஸ் இருக்கும்வரை வழுக்கிக்கொண்டு வா, ஐஸ் முடியும் இடத்தில் மட்டும் தூக்கு.

மூன்றாவது வகைக்கு இது இன்னும் பொருந்தும். கழுத்தில் வலி, கை கால் மரப்பு, நினைவு தப்பியது, தலை அடித்து விழுந்தது என்றால் முதுகுத்தண்டில் அடி இருப்பதாகவே நினைத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் தலைமாட்டில், முழங்கைகளை ரப்பர் பாயில் ஊன்றி, இரண்டு கையாலும் தலையை இருந்த நிலையிலேயே தாங்கிக்கொள்வார். அதன் பிறகு அவர்தான் கேப்டன். "ஒன்று, இரண்டு, மூன்று" என்று சொல்வது அவர் மட்டும். வேறு யார் குரல் கொடுத்தாலும் யாரும் அசையக் கூடாது.

ஸ்கூப் ஸ்ட்ரெச்சர் என்று ஒன்று இருக்கிறது. நீளவாக்கில் இரண்டாகப் பிரியும். ஒரு பாதியை இடப்பக்கமிருந்தும் மறு பாதியை வலப்பக்கமிருந்தும் உடம்புக்கு அடியில் செருகி மேலும் கீழும் பூட்டினால் முடிந்தது. ஆளை உருட்ட வேண்டியதில்லை. ஐஸுக்கு இதைவிடப் பொருத்தமானது நான் பார்த்ததில்லை, தரை வழவழப்பாக இருப்பதால் பாதிகள் அல்வாவில் கத்தி போல உள்ளே போகும். ஸ்பைன் போர்டு என்ற தட்டைப் பலகை மட்டும்தான் இருக்கிறது என்றால் ஆளை ஒரே கட்டாக உருட்டி ஏற்ற வேண்டும், அதற்குக் குறைந்தது 4, 5 பேர் வேண்டும். அந்தப் பலகையிலேயே மணிக்கணக்காகக் கட்டிப்போடும் வழக்கம் இப்போது குறைந்துவிட்டது. அது நகர்த்துவதற்கான சாமான், படுக்கை இல்லை.

பெல்ட் போட்ட பிறகு கால்மாடு முன்னால் போகும்படி இழுக்க வேண்டும். தலைமாட்டில் இருப்பவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே வருவார். முன்னால் ஒரு கயிறு, பின்னாலும் ஒரு கயிறு. முன்கயிறு இழுக்க. பின்கயிறு எதற்கு என்று புதியவர்கள் கேட்பார்கள். ஐஸில் பிரேக் கிடையாது. நீங்கள் நின்றாலும் பலகை நிற்காது, நேரே போய்த் தடுப்புச் சுவரில் இடிக்கும். நடை வேகம் போதும், அதுவும் சாமி புறப்பாட்டு நடை.

இழுப்பவர்கள் ஸ்கேட்டோடு இருக்கலாமா? என் கருத்து, கூடாது. எவ்வளவு தேர்ந்த ஆளாக இருந்தாலும் பாரம் பக்கவாட்டில் சாயும்போது பிளேடு காலை வாரும். ஷூவுக்கு மேல் மாட்டும் ஆணி வைத்த ரப்பர் பட்டை மலிவான சாமான்தான். நாலு ஜோடி கதவுப் பக்கம் தொங்க வேண்டும். அது இல்லாமல் இறங்க நேர்ந்தால், மழைக்குப் பிறகு வயல் வரப்பில் நடப்பது மாதிரி: சின்னச் சின்ன எட்டு, பாதம் முழுக்கத் தட்டையாக, முட்டி லேசாக மடங்கி. ஆம்புலன்ஸ் ஊழியர்கள் வெறும் ஷூவோடு வருவார்கள் என்பதை மறக்காதீர்கள். அவர்களையும் அவர்களுடைய சக்கர வண்டியையும் ஐஸுக்குள் விடாமல் வாசலிலேயே நிறுத்தி, ஆளை நாம் அங்கே கொண்டுபோய்க் கொடுப்பது மேல். வெளியேதான் வைத்தியம் செய்ய முடியும் என்றில்லை, அவர்கள் உள்ளே வந்தே ஆக வேண்டிய நிலையும் உண்டு. அப்போது வாசலிலிருந்து ஆள்வரை ரப்பர் பாயை உருட்டி விரிக்க வேண்டும்.

எந்த வாசல்? பொதுமக்கள் வரும் சின்னக் கதவு வேண்டாம். அதில் ஸ்ட்ரெச்சர் திரும்பாது, படியும் இருக்கும். ஐஸைச் சமன்படுத்தும் ஜாம்போனி வண்டி வருகிற பெரிய கதவுதான் ஆம்புலன்ஸ் கதவு. அந்தக் கதவின் சாவி யாரிடம், அதற்கு வெளியே வண்டி நிற்க இடம் இருக்கிறதா, அங்கே யாராவது ஐஸ்கிரீம் பெட்டியை அடுக்கி வைத்திருக்கிறார்களா என்பதெல்லாம் விழுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை. துபாயில் ஆம்புலன்ஸ் எண் 998, சிங்கப்பூரில் 995. போன் செய்பவர் "மால்" என்று சொன்னால் போதாது, எந்தக் கதவு என்று சொல்ல வேண்டும். ஓர் ஆள் போய் அந்தக் கதவில் நிற்க வேண்டும்.

கதவில் ஒரு கண்ணி இருக்கிறது. ஐஸ் முடிந்து ரப்பர் தொடங்கும் கோடு. அதுவரை வெண்ணெயாக வந்த பலகை அந்தக் கோட்டில் சட்டென்று பிடித்து நிற்கும், மேலே இருப்பவர் உடம்பு ஓர் அங்குலம் முன்னால் போகும். கழுத்தில் அடிபட்டவருக்கு அந்த ஓர் அங்குலம் போதும். கோட்டுக்கு ஒரு முழம் முன்னாலேயே நிறுத்தி, எல்லாரும் பிடி மாற்றி, கேப்டன் சொன்ன பிறகு தூக்கித் தாண்ட வேண்டும். நாங்கள் அந்த இடத்தில் சிவப்பு டேப் ஒட்டியிருந்தோம்.

குளிரை நம் ஊர்க்காரர்கள் கணக்கில் எடுப்பதே இல்லை. பனிக்கட்டி, தண்ணீரைவிட ஏறக்குறைய 4 மடங்கு வெப்பத்தைக் கடத்தும். டி-ஷர்ட்டோடு படுத்திருப்பவர் உடம்புச் சூட்டை முதுகு வழியாக ஐஸ் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ரத்தம் போயிருந்தால் இன்னும் ஆபத்து, குளிர்ந்த உடம்பில் ரத்தம் உறைவதும் தாமதமாகும். எல்லாரும் மேலே போர்வை போர்த்துவார்கள். அடியில் போடுவதுதான் முக்கியம். ஆளை அசைக்கக் கூடாது என்றால் இடுப்புக்கும் கழுத்துக்கும் அடியில் இருக்கிற இடைவெளியிலாவது துணியைச் செருகிவிடுங்கள். ஸ்கூப்பில் ஏற்றும்போது போர்வையைத் தயாராக வைத்திருங்கள்.

பிளேடு வெட்டு அடிக்கடி நடக்காது, நடந்தால் நேரம் இருக்காது. 1989 மார்ச் 22 அன்று அமெரிக்காவின் பஃபலோ நகரத்தில் கிளின்ட் மலார்சக் என்ற ஐஸ் ஹாக்கி கோல்கீப்பர் கழுத்தில் எதிரணிக்காரரின் பிளேடு பட்டு, கழுத்து நாளம் அறுந்தது. அவர் அணியின் உதவியாளர் ஜிம் பிசுடெல்லி வியட்நாம் போரில் ராணுவ மருத்துவ உதவியாளராக இருந்தவர். ஓடி வந்து, காயத்தை விரல்களால் அழுத்திப் பிடித்தபடியே வெளியே கொண்டுபோனார். மலார்சக் பிழைத்தார், இரண்டு வாரத்துக்குள் மறுபடி ஆடினார். 2023 அக்டோபர் 28 அன்று இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆடம் ஜான்சன் என்ற வீரர் இதே போன்ற வெட்டில் இறந்துபோனார். அதன் பிறகுதான் சர்வதேச ஐஸ் ஹாக்கி சம்மேளனம் தன் போட்டிகளில் எல்லா நிலைகளிலும் கழுத்துக் காப்பைக் கட்டாயமாக்கியது. ஆகவே ரத்தம் பீறிட்டால் ஸ்ட்ரெச்சர் தேடாதீர்கள். கையுறை போட்டு, துணியை வைத்து, காயத்தின் மேலேயே அழுத்துங்கள். "நின்றுவிட்டதா" என்று எடுத்துப் பார்க்காதீர்கள். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொரு துணி. கழுத்தைச் சுற்றி மட்டும் எதையும் கட்டக் கூடாது.

இதயம் நின்றுபோய் மூச்சுப் பேச்சில்லை என்றால் விழுந்த இடத்திலேயே நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம். முட்டிக்கு அடியில் பாய் போடாவிட்டால் அழுத்துகிறவர் வழுக்கிக்கொண்டே போவார். மின்அதிர்ச்சிக் கருவியை ஐஸிலும் பயன்படுத்தலாம். நெஞ்சு ஈரத்தைத் துடைக்க வேண்டும், ஆளையும் நம்மையும் இணைத்துத் தண்ணீர் தேங்கியிருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

இன்னொன்று. யாரும் விழாமலே பலருக்கு ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல் என்றால் ஜாம்போனியின் புகை காரணமாக இருக்கலாம். கார்பன் மோனாக்சைடு வாசனை காட்டாது. மூக்கைத் துளைக்கும் நெடி என்றால் குளிரூட்டும் அமோனியா. கனடாவின் ஃபெர்னி என்ற ஊர் ரிங்கில் 2017இல் அமோனியா கசிந்து 3 ஊழியர்கள் இறந்தார்கள். அந்த நேரத்தில் ஸ்ட்ரெச்சர் வேலை இல்லை, எல்லாரையும் காற்று வருகிற திசைப் பக்கமாக வெளியே கொண்டுபோகும் வேலைதான்.

ரிங்க் விஷயம் இதுதான். ஆனால் "நம் ஊரில் ஐஸ் என்றால் சர்பத் கடையோடு சரி" என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறேன்.

நம் செட்டிநாட்டு வீடுகளின் வளவில், அதாவது நடுமுற்றத்தைச் சுற்றிய பகுதியில், தரையாகக் கிடக்கிற ஆத்தங்குடிக் கல்லை எண்ணிப் பாருங்கள். கண்ணாடித் தட்டின் மேல் வண்ணத்தை ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் போட்டு, சூளையில் சுடாமல் தண்ணீரிலும் வெயிலிலும் பதப்படுத்துகிற கல். கண்ணாடியின் வழவழப்பு அப்படியே கல்லில் இறங்கியிருக்கும். அதன் மேல் கல்யாண வீட்டில் ரசமும் எண்ணெயும் இலை கழுவின தண்ணீரும் சேர்ந்தால், பிளேடு இல்லாத ரிங்க்தான்.

1987இல் எங்கள் சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு முதல் நாள் இரவு, வளவு ஓரத்தில் என் அப்பத்தா வழுக்கி விழுந்தார்கள். நானும் பெரியப்பா மகனும் ஆளுக்கு ஒரு கையைப் பிடித்து ஒரே மூச்சில் தூக்கி நிறுத்தினோம். அப்பத்தா போட்ட சத்தத்தை, விழுந்த வலி என்று நினைத்தோம். "நாலு எட்டு நடங்க, சரியாயிரும்" என்று பட்டாலை என்ற கூடம்வரை நடக்க வைத்தோம். ஒரு கால் குட்டையாக, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்ததை யாரும் பார்க்கவில்லை. தொடை எலும்பின் கழுத்து ஒடிந்ததற்கு அதுதான் அடையாளம் என்று சிங்கப்பூரில் வகுப்பில் உட்கார்ந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. மதுரையில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், "விழுந்ததில் ஒடிந்திருக்கிறது, தூக்கியதில் விலகியிருக்கிறது" என்றார். அப்பத்தா அதற்குப் பிறகு இரண்டு வருடம் இருந்தார்கள், கட்டிலில்.

உங்கள் அக்கா மகனைத் திட்டிய சூப்பர்வைசர் எனக்கு 1987இல் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அதே வீட்டில் ஒரு மணிவிழா. வளவுக்குப் பின்னால் உள்ள இரண்டாங்கட்டில் சமையலுக்கு வந்த பையன் வழுக்கி விழுந்தான், இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழ முடியவில்லை. பக்கத்திலேயே கொதிக்கும் அண்டா, அடுப்பு எரிகிறது. அந்த இடத்தில் விட்டுவைக்க முடியாது. கழுத்தில் வலி இல்லை, கை கால் விரல்கள் எல்லாம் அசைகின்றன என்று கேட்டு உறுதி செய்துகொண்டேன். ஒரு ஜமுக்காளத்தைப் பாதிவரை விசிறி மடிப்பாக மடித்து, வலி இல்லாத பக்கமாக அவனைச் சற்றே ஒருக்களித்து, முதுகை ஒட்டி அந்த மடிப்பை வைத்து, மறுபடி மல்லாத்தி, அடுத்த பக்கம் மடிப்பை உருவி எடுத்தோம். தலைமாட்டு முனைகளைச் சுருட்டிப் பிடித்து, தலை சற்று உயர்ந்திருக்கும்படி உடம்பின் நீளவாக்கிலேயே நான் இழுக்க, ஒருவர் இடுப்பை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு கூடவே வந்தார். யாரும் தூக்கவில்லை. ஆத்தங்குடிக் கல் அவனை வளவுவரை கொண்டுவந்து சேர்த்தது. ஓர் ஆச்சி சோடாவோடு வந்தார்கள். வேண்டாம் என்றேன், ஒருவேளை ஆபரேஷன் தேவைப்படலாம், வயிறு காலியாக இருக்கட்டும். ஆச்சிக்குக் கோபம்.

108க்குச் சொல்லும்போதே "முன்வாசல் வழியாக வாருங்கள், நேர் பாதை" என்று சொல்லியிருந்தேன். நம் வீடுகளில் முகப்பில் நின்றால் பின்கட்டு தெரியும்படி கதவுகள் ஒரே வரிசையில் இருக்கும், ஸ்ட்ரெச்சர் எங்கேயும் திரும்ப வேண்டாம். ஆனால் ஒவ்வொரு நிலைக்கும் கீழே ஒரு சாண் உயர வாசற்படி. ரிங்கில் சிவப்பு டேப் ஒட்டிய கோடு மாதிரி, இங்கே ஒவ்வொரு கட்டுக்கும் ஒன்று. கோலப்பலகை போல அகலமான ஒரு பழைய பர்மாத் தேக்குப் பலகையைச் சாய்வாகப் போட்டு, வண்டிச் சக்கரத்தை அதன் மேல் ஏற்றி இறக்கினோம். 108 பையன் "இதை எங்கே அண்ணே கத்துக்கிட்டீங்க" என்றான். ஐஸ் ரிங்க் என்றேன், நம்பவில்லை.

அந்தப் பலகை இன்னும் முகப்பிலேயே சாத்திக் கிடக்கிறது. போன மாதம் புது கிரைண்டர் உள்ளே போனதும் அது மேல்தான்.